படத்தில் இல்லாத சுவர்

மகன்,

சலாம். சுகமா என்று கேட்கப் போவதில்லை. காலையில்தான் போனில் பேசினோம். நீ சுகமாகத்தான் இருக்கிறாய், நான்தான் இல்லை. சொல்லிவிட வேண்டும் என்று தொடங்கி மூன்று தரம் வேறு கதைக்குத் தாவிவிட்டேன். கொழும்பில் மழையா என்று கேட்டேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஒரே நெரிசல் என்றேன். கடைசியில், என் கண்காட்சி அழைப்பிதழின் முகப்பில் இருக்கும் படத்தில் நிறம் சரியாக விழவில்லை, வேறு படம் போடு என்றேன். நீ சிரித்தாய். உம்மாவுக்கு வெட்கம், அதுதான் விஷயம், எல்லாம் அச்சாகி முடிந்துவிட்டது என்றாய். வெட்கம் என்றது சரி, ஆனால் நீ நினைத்த வெட்கம் அது இல்லை. நிறம் நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. அந்தப் படத்தைப் பற்றி நான் சொன்ன பொய்களிலேயே இதுதான் சின்னது. போனை வைத்தேன். பிறகு இந்தக் கொப்பியை எடுத்தேன்.

அழைப்பிதழ் என் முன்னால் கிடக்கிறது. பின்பக்கத்தில் நீ எழுதியிருப்பதைப் பல தரம் வாசித்துவிட்டேன். ஒரு கையில் கட்டடக் கலைஞரின் பென்சில், மறு கையில் ஓவியரின் தூரிகை, நாற்பது வருடமாக ஒன்று மற்றதைக் காயப்படுத்தாமல் காத்தவர் என் உம்மா என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பெண்ணைப் பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் சொல். அவளை நம்பித்தான் போன மாதம் கொழும்பில் வேலையை விட்டாய். கண்டிக்கு வந்து உம்மா மாதிரி இரண்டையும் கொண்டுபோகப் போகிறேன் என்றாய். அதற்குக் கீழே, முகப்புப் படத்தைப் பற்றிச் சின்ன எழுத்தில் ஒரு வரி: ஹந்தானைச் சரிவில் நின்ற இந்த வீடு மேசனின் தவறால் மண்ணில் புதைந்தது, ஓவியம் மட்டும் மிஞ்சியது. வருகிற சனிக்கிழமை அந்த ஓவியத்துக்கு முன்னால், அந்த வீட்டில் கணவனைப் பறிகொடுத்த தவமணி டீச்சரை நிறுத்தி, அவர் கையால் என் கண்காட்சியைத் திறக்கவைக்கப் போகிறாய். அது நடக்கக் கூடாது. மேசன் தவறு செய்யவில்லை, மகன். தவறு செய்தது நான். பதினெட்டு வருடமாக அதைச் சொல்லாமல் இருந்ததும் நான்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை, மடவளையிலிருந்தே தொடங்குகிறேன். என் வாப்பாவுக்கு அங்கே ஒரு சின்னப் புடைவைக் கடை இருந்தது உனக்குத் தெரியும். சேர்ட்டுக்குள் வைத்து வரும் வெள்ளை மட்டைகளைச் சேர்த்துவைத்து நான் படம் கீறுவேன். கடைக்கு வருகிறவர்களின் முகங்கள்தான் எனக்குப் பிடிக்கும். பேரம் பேசும்போது மனிதர் முகம் போகும் போக்கு இருக்கிறதே, அதைப் பிடிப்பதில் கெட்டிக்காரி. முகம் உள்ள படம் தொங்கும் அறையில் தொழ முடியாது என்று என் உம்மா அவற்றை எடுத்து அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்தார். கிழிக்கவில்லை, அதற்கு இன்றும் நன்றி. ஓஎல் பரீட்சை முடிந்ததும் ஓவியம் படிக்கப் போகிறேன் என்றேன். வாப்பா கோபிக்கவில்லை. துணியை மடித்துக்கொண்டே, "படம் கீறுறது ஒரு வேலயா மகள்? வீடு கீறுங்கொ. வீடு கீறினா ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க" என்றார். நல்ல மனதோடு சொன்னார். நான் அதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தேன். வீடு என்று சொல்லிக்கொண்டு எதை வேண்டுமானாலும் கீறலாம் என்று எடுத்துக்கொண்டேன். படித்து முடித்து, கண்டி நகரத்தில் மாடியில் ஒரு அறை எடுத்து, பெயர்ப் பலகை மாட்டிய நாளிலிருந்து எனக்குள்ளே நடந்தது இந்தக் கள்ளக் கடத்தல்தான். நீ அதைச் சமநிலை என்று எழுதியிருக்கிறாய்.

கடத்தல் எப்படி நடந்தது என்று சொல்கிறேன், நீயும் இதே தொழில்தானே. நம் பக்கத்தில் வீடு கட்ட வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: பிளான் நமக்கு விளங்காது மிஸ், படத்தைக் காட்டுங்க. கட்டி முடித்தால் வீடு எப்படி இருக்கும் என்று காட்டும் வர்ணப் படம். மற்றவர்கள் அதை அளவுகோல் வைத்து விறைப்பாகக் கீறி, இரண்டு குரோட்டன் செடியும் ஒரு காரும் வைத்து முடித்துவிடுவார்கள். நான் நீர்வர்ணத்தில் மூடுபனி இறக்கினேன், ஈரக் கூரையில் வெயில் விழவைத்தேன். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் வீட்டுக்காக வரவில்லை, அந்தப் படத்துக்காக வந்தார்கள். அதைப் பிரதி எடுத்து, பிளாஸ்டிக் உறையிட்டு, வேலைத்தலத்துக் கொட்டிலில் ஆணியடித்து மாட்டுவது எல்லோருக்கும் வழக்கம். பிளான் தாள்களை வீட்டுக்காரர் சீமெந்து படாமல் வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார். அதிகாரி வந்தால்தான் வெளியே வரும். பாஸ், அதாவது தலைமை மேசன், அளவுகளைப் பிளானில் ஒரு தரம் பார்த்து எழுதிக்கொள்வார். வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தினமும் கொட்டிலில் தொங்கும் படத்தைப் பார்த்துத்தான் கட்டுவார். இது எனக்குத் தெரியும். தெரியாமல் நடந்தது என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

சிவபாதம் மாஸ்டரும் தவமணி டீச்சரும் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். ஹந்தானையில் தேயிலைக்குக் கீழே ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்றதும் அந்த வீட்டில் இருந்து மலையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. நிலம் சரிவு. பின்னால் மண்ணை வெட்டித்தான் தளம் எடுக்க வேண்டும், வெட்டினால் மண்ணைத் தாங்கப் பதினோரடிக் கொங்கிரீட் சுவர் வேண்டும். அதை நான் கீறினேன். கம்பி அளவும் நீர் வடியும் குழாய்களும் உட்பட நான்காம் தாளில் எல்லாம் இருக்கிறது. அந்தத் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று டீச்சர் சந்தனம் வைத்து, சாமி அறையில் படங்களுக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்துவிட்டார். அவர்களுக்கு அது வெறும் கடதாசி இல்லை, கோயிலில் வைத்து எடுத்த பொருள் மாதிரி.

வர்ணப் படத்தை பௌர்ணமிப் போயாவோடு சேர்ந்து வந்த ஒரு நீண்ட விடுமுறையில் கீறினேன். உன்னை உன் வாப்பாவுடன் மடவளைக்கு அனுப்பிவிட்டு மூன்று நாள் மேசையை விட்டு எழும்பவில்லை. பல மாதம் வர்ணத்தைத் தொடாமல் குளியலறை வடிகால்களையும் படிக்கட்டுகளையும் கீறிக் கீறிக் காய்ந்து போயிருந்தேன். அந்த மலை என் கைக்கு வந்தது. தேயிலையின் பச்சை, அதற்கு மேலே மூடுபனிப் புகாரின் சாம்பல், கீழே சிவப்பு ஓடு. சரியாக வந்துகொண்டிருந்த படத்தில் கூரைக்கு மேலே, மலைக்குக் குறுக்கே, அந்தக் கொங்கிரீட் சுவர் ஒரு நீண்ட சாம்பல் பட்டையாகக் கிடந்தது. பென்சிலில் கீறித்தான் இருந்தேன். சிறிதாக்கிப் பார்த்தேன், செடி வைத்து மறைத்துப் பார்த்தேன், ஒன்றும் சரிவரவில்லை. பிறகு அதன்மேல் பச்சையை இழுத்துவிட்டேன். மலை கூரை வரை வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. அதைவிட நல்ல படம் நான் அதற்கு முன்னும் கீறவில்லை, பின்னும் கீறவில்லை. டீச்சரிடம் நீ வாங்கி வைத்திருப்பது அந்த மூலப் படம்தான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார், பச்சைக்கு அடியில் பென்சில் கோடுகள் இரண்டும் தெரியும்.

ஹந்தானைத் தோட்டத்துச் செல்லையா பாஸ்தான் வேலையை எடுத்தார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, கொழுந்துக் கூடைக்குப் போகாமல் மேசன் கரண்டியைப் பிடித்தவர். அவர் கட்டிய சுவரில் நூல் பிடித்துப் பார்க்கத் தேவையில்லை. பின்பக்கம் மண் வெட்டி முடிந்த நாளில் எனக்குப் போன் செய்தார். நான் கொழும்பில் என் முதல் கண்காட்சிக்குப் படங்களுக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். "மேடம், பின்னால மண்ணு வெட்டியாச்சுங்க. தாள்ல ஒரு சொவரு பாத்த ஞாபகம். படத்துல இல்லீங்க. மாஸ்டர் ஐயா படத்துல உள்ளதுதான் வேணுங்கிறாரு. எப்புடிங்க செய்யட்டும்?" என்று கேட்டார். எவ்வளவு தெளிவாகக் கேட்டார் பார். அவர் கேட்டது முழுக்க என் காதில் விழுந்தது, ஆனால் கையில் ஒட்டும் பசை, சட்டம் கோணிக்கொண்டு போகிறது. "படத்தில ஈக்கிற மாதிரி செய்ங்கொ பாஸ், நான் ஞாயித்துக்கெழம வாரன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. கொழும்பில் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதுவரை எழுதியதைக் கவனக்குறைவு என்று சொல்லித் தப்பிக்கலாம். இனி எழுதப் போவதற்குத் தப்பு வழி இல்லை. கூரை ஏறிய பிறகு ஒரு நாள் போனேன். பாதை வளைவில் திரும்பியதும் வீடு தெரிந்தது. பாஸ் சரிவைச் செதுக்கி, புல் பதித்து, அச்சொட்டாகப் படத்தில் இருந்த மாதிரியே செய்து வைத்திருந்தார். மலை வழுக்கி வந்து சிவப்பு ஓட்டின் பின்னால் நின்றது. சுவர் இல்லை. சுவர் இல்லை என்று நான் கண்டேன், மகன். முதல் பார்வையிலேயே கண்டேன். ஆனால் என் படம் கண் முன்னால் கல்லும் மண்ணுமாக எழும்பி நின்றதைப் பார்த்து எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. வாப்பாவின் கடை மட்டையில் தொடங்கி அன்று வரை நான் கேட்டது அதைத்தான். மாஸ்டர் வெளியே வந்து, "படத்துக்குள்ளை குடிவந்த மாதிரி இருக்கு" என்று என் கையைப் பிடித்தார். அந்த நேரத்தில், பின்னால் சுவர் வேண்டும், புல்லை எல்லாம் கிளற வேண்டும் என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். மழைக்கு முன் சொல்லலாம் என்று வைத்தேன். அந்த மழையில் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மழையிலும் நடக்கவில்லை. மூன்று வருடம் வீடு நின்றது. மூன்றாவது வருடம் நான் அதை மறந்தே போனேன்.

நான்காவது வருடம் ஒரு வாரம் விடாமல் பெய்தது. பின்னேரம் நான்கு மணிபோல மாஸ்டர் பின்னறையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார், டீச்சர் முன் விறாந்தையில் நனைந்த உடுப்புகளைக் கொடியில் மாற்றிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், மண் வந்துவிட்டது. மாஸ்டரை எடுக்க மறுநாள் மதியமானது. செத்த வீட்டில் நான் டீச்சருக்குப் பக்கத்தில் பாயில் இருந்தேன், அவர் கை என் கைக்குள்ளே இருந்தது. செல்லையா பாஸ் வந்து வாசல் படலைக்குள் நின்றார். டீச்சர் தலையைத் தூக்கி, "என்ரை மனிசனைக் கொன்றுபோட்டு வந்து நிக்கிறியோ" என்று கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை, அதனால்தான் எல்லோருக்கும் கேட்டது. பாஸ் தோளில் இருந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் டீச்சரின் கையைத் தடவிக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் போய்விட்டார். நீ அன்று பத்தாம் வகுப்புச் சீருடையோடு பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்து வாசலில் கதிரை அடுக்கினாய். மேசன் செய்த வேலை என்று அங்கேதான் நீயும் கேட்டிருப்பாய்.

விசாரணை நடந்தது. முன்பக்கத்துச் சாமி அறையில் தப்பிய தாள்கள் சந்தனத்தோடு வெளியே வந்தன. நான்காம் தாளில் சுவர் இருந்தது. படத்தில் இல்லீங்க, அதனால் கட்டவில்லை என்று பாஸ் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் சிரித்தார். படத்தைப் பார்த்து யாரும் வீடு கட்டுவார்களா என்றார். மேடத்திடம் போனில் கேட்டேன், படத்தில் உள்ளபடி செய்யச் சொன்னார் என்றார் பாஸ். என்னைக் கேட்டார்கள். அப்படி ஒரு போன் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். சட்டப்படி பிளான்தான் பிளான், படம் வெறும் படம் என்றும் சொன்னேன். என் வாழ்நாள் முழுக்கப் படம் வெறும் படம் இல்லை என்று எல்லோரிடமும் வாதாடியவள், ஒரே ஒரு நாள் மாற்றிச் சொன்னேன், அதுவும் அந்த நாளில். பழி பாஸின் தலையில் விழுந்தது. வழக்கு இழுபட்டு ஒருவழியாய் ஓய்ந்தது, ஆனால் ஆளைக் கொன்ற மேசன் என்ற பெயர் ஓயவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பாஸாக வைத்து யாரும் ஒரு கக்கூஸ்கூடக் கட்டவில்லை. தன்னிடம் தொழில் பழகியவர்களுக்குக் கீழே நின்று சீமெந்து குழைத்தார். மடவளைச் சந்தியில் ஒரு கடை வேலைத்தலத்தில் ஒருநாள் சீமெந்துத் தாச்சியைச் சுமந்துகொண்டு போனதைப் பஸ்ஸிலிருந்து கண்டேன். அவரும் கண்டார். நான் ஜன்னலை மூடினேன்.

உன் வாப்பாவிடம் மட்டும் சொன்னேன். பிள்ளையின் படிப்பு முடியட்டும் என்றார். உன் படிப்பு முடிந்தது. பிறகு உன் வேலை நிரந்தரமாகட்டும் என்றோம். பிறகு அவர் கண் மூடி மௌத்தானார், என்னிடம் காரணங்களும் தீர்ந்தன, ஆனாலும் சொல்லவில்லை. உன்னைக் காரணம் காட்டியது எங்கள் கோழைத்தனம். அதில் உனக்குப் பங்கில்லை, அதை நீ சுமக்கக் கூடாது. திகனவில் டீச்சர் தங்கையோடு இருக்கும் வீட்டுக்கு ஒவ்வொரு பெருநாளைக்கும் வட்டிலப்பம் கொண்டு போகிறேனே, அந்த நல்ல மனதைப் பார்த்து நீ பெருமைப்படுவாய். போகும்போதெல்லாம் இன்று சொல்லிவிடுவது என்றுதான் போவேன். தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடுவேன். போன மாதம் நீ போய்ப் படத்தைக் கேட்டபோது, அந்த வீட்டில் எனக்கென்று மிஞ்சியது இது ஒன்றுதான், உன் உம்மா என்ன அழகாகக் கீறினா என்று சொல்லிக் கொடுத்தாராமே. நீ அதைப் போனில் சந்தோஷமாகச் சொன்னாய். நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

நீ அலுவலகம் திறக்க வருகிறாய், அதனால் தொழிலைப் பற்றியும் ஏதாவது சொல்ல வேண்டும். இரண்டையும் செய்யாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் கைக்கு இரண்டும் வரும், சின்ன வயதிலிருந்தே தெரியும். நான் கெட்டது இரண்டு தொழில் பார்த்ததால் இல்லை. ஒன்றில் பட்ட பசியை மற்றதில் போய்த் தீர்த்ததால். படம் கீற ஆசையாக இருந்தால் வீட்டுக்காரரின் பெயர் இல்லாத தாளை எடுத்துக் கீறு. வீட்டுப் படம் என்றால் அசிங்கமான சுவரையும் தண்ணீர்த் தொட்டியையும் அசிங்கமாகவே வை. பாஸ் போன் செய்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போ, அன்றைக்கே போ. நான் படம் கீறுவதைக் குறைத்தது அலுவலக வேலை கூடியதால் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாய், பாவம். மாஸ்டர் போன பிறகு சரிவுள்ள எதைக் கீறினாலும் கை தன்பாட்டில் சுவர் வைத்தது. தேயிலை மலைக்கு யார் சுவர் வைப்பார்கள்? கிழித்துப் போட்டேன். நீ மண்டபத்தில் மாட்டியிருக்கும் பிந்திய படங்கள் எல்லாம் பூச்சாடியும் சமதரையும்தான், கவனித்தாயா? அதை என் முதிர்ச்சி என்று ஒருவர் எழுதியும் தந்திருக்கிறாராம். அவரை விட்டுவிடு, அவருக்கு என்ன தெரியும்.

இவ்வளவும் ஞாயிற்றுக்கிழமை எழுதியது. அந்தப் படத்தை மட்டும் கழற்றிவிடு, மேசன் என்ற வரியின்மேல் கறுப்பு மை பூசிவிடு, டீச்சரிடம் எனக்குச் சுகமில்லை என்று சொல்லிக் கூட்டத்தைத் தள்ளிப்போடு என்று உன்னிடம் கெஞ்சி முடிப்பதாகத்தான் இருந்தேன். திங்கட்கிழமை காலையில் வாசித்துப் பார்த்தேன். திரும்பவும் பச்சையை எடுத்துப் பூசத்தான் உன்னைக் கேட்கிறேன் என்று விளங்கியது. கொப்பியை மூடிவிட்டு த்ரீவீல் பிடித்து ஹந்தானைக்குப் போனேன்.

லயத்துக்கு மேலே சொந்தமாக இரண்டு அறை கட்டி மகளோடு இருக்கிறார் செல்லையா பாஸ். நெஞ்சில் இழுப்பு, கண்ணும் மங்கல். குரலைக் கேட்டதும் எழும்பப் பார்த்தார். மகள் கதிரை போட்டு பிளேன்டீ வைத்தாள். அவளுக்கு முன்னாலேயே சொன்னேன். நீங்கள் போன் செய்தது எனக்கு ஞாபகம் இருந்தது பாஸ், அன்றும் இருந்தது, நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன் என்றேன். அழக் கூடாது என்று போனேன், அழுதுவிட்டேன். அவர் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. "அது எனக்குத் தெரியுங்களே மேடம். நீங்க சொன்னது எங் காதுலதானே விழுந்துச்சு. தெரிஞ்சவன்கிட்ட வந்து சொல்றீங்க. தெரியாதவங்ககிட்ட போயி சொல்லுங்க" என்றார். மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் இந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்தவள். என்னை அவள் மன்னிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிளேன்டீயைக் குடித்து முடித்தேன், குடிக்காமல் வந்தால் அது இன்னும் கேவலம்.

நேற்று, செவ்வாய்க்கிழமை, திகனவுக்குப் போனேன். டீச்சர் சனிக்கிழமைக்கென்று சேலை எடுத்து, சட்டை தைத்து, கட்டிலில் விரித்து வைத்திருந்தார். சரியா என்று பார்க்கச் சொன்னார். சேலைக்கு முன்னால் நின்றே சொல்லத் தொடங்கினேன். போன், படம், கூரை ஏறிய பிறகு நான் கண்டது, விசாரணையில் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. முதலில் அவருக்கு விளங்கவில்லை. பிறகு சேலையை ஒதுக்கிவிட்டுக் கட்டிலில் இருந்தார். "அண்டைக்கு அந்த மனிசனைப் பார்த்து நான் கேட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?" என்றார். இருக்கிறது என்றேன். "என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனீங்கள்" என்றார். ஓம் என்றேன். மாஸ்டரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, என்னைத் திட்டவும் இல்லை, திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பாஸின் வீடு எங்கே என்று கேட்டார். சொன்னேன். அந்தப் படியெல்லாம் தன்னால் தனியே ஏற ஏலாது, உங்கள் மகனிடம் கார் இருக்குத்தானே, வெள்ளிக்கிழமை காலையில் வந்து கூட்டிக்கொண்டு போவானோ என்று கேட்டார். போவான் என்று உனக்காக நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குத் திகனவில் அவர் வாசலில் இரு. ஹந்தானைப் பாதையில் வளைவுகளில் அவருக்குத் தலைசுற்றும், மெதுவாக ஓட்டு. கார் போகாத இடத்திலிருந்து படிகள் இருக்கின்றன, கையைப் பிடித்துக்கொள். பாஸின் வீட்டுக்குள் நீ போகாதே. அவர்கள் பேசி முடிக்கும் வரை வெளியே நில், எவ்வளவு நேரமானாலும் நில். வரும்போது கண்காட்சியைப் பற்றி டீச்சர் என்ன சொன்னாலும் அதன்படி செய். மூடு என்றால் மூடு. ஒன்றும் சொல்லாவிட்டாலும் மூடிவிடு. இன்றைக்கே கூரியரில் போடும் இந்தக் கடிதத்தை மறைக்காதே. செத்த வீட்டில் இருந்தவர்களில் யார் யார் உயிரோடு இருக்கிறார்களோ அவர்களுக்கெல்லாம் காட்டு, பாஸின் மகள் கேட்டால் அவளுக்கு ஒரு பிரதி கொடு. விசாரணைக் கோப்புக்குப் போக வேண்டியதை வக்கீலிடம் வேறாக எழுதிக் கொடுத்துவிட்டேன். இதை வாசித்த பிறகு உனக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, மகன். எனக்கே கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை.

நானும் உங்களோடு வரட்டுமா என்று டீச்சரிடம் கேட்டேன். அவர் கட்டிலில் இருந்த சேலையை எடுத்து மடித்தார். மடித்து முடித்துவிட்டு, "நீங்கள் இனி இங்கை வரவேண்டாம்" என்றார். கதவு வரை வந்து வழியனுப்பினார், மழை தூறுகிறது என்று குடையும் தந்தார், திருப்பிக் கொண்டுவரத் தேவையில்லை என்றார். பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்து வந்தேன். நீ வெள்ளிக்கிழமை பிந்திவிடாதே.

உன் உம்மா